இரண்டு ஆடி மொய் எங்கே போகும்?

கேள்வி: எங்கள் பக்கம் ஒவ்வொரு வீடும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆடியில் விருந்து வைத்து மொய் வாங்கும், வாங்கியதை மற்றவர்கள் முறை வரும்போது திருப்பி வைக்கும். நான் 2019 ஆடியில் மொய் விருந்து வைத்தவன். அடுத்த இரண்டு ஆடியும் கொரோனாவில் போய்விட்டது. இப்போது, 2022ல், கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் 2020, 2021, 2022 என மூன்று வருஷக்காரர்களும் இந்த ஒரே ஆடியில் பத்திரிகை அடிக்கக் கிளம்பிவிட்டார்கள். டீக்கடையில் தினமும் இதே பேச்சு. வட்டிக்கு வாங்கியாவது வைத்துத்தான் ஆகணும் என்கிறார் ஒரு பெரியவர். விருந்தே வேண்டாம், ஜிபேயில் போட்டுவிடலாம் என்கிறார்கள் திருப்பூரில் வேலை பார்க்கும் பையன்கள். கூட்டுறவுக் கடனையே தள்ளுபடி செய்தார்கள், இரண்டு வருஷ மொய்யையும் ஊர் கூடித் தள்ளுபடி செய்துவிடலாம் என்பது என் கருத்து. சரிதானே?
— ஒரு வாசகர், பேராவூரணி வட்டாரம்

பதில்: சரியில்லை. அதிலும் நீங்கள் கேட்பது கொஞ்சமும் சரியில்லை.

2019 ஆடி என்றால் கஜா புயல் அடித்து எட்டு, ஒன்பது மாதம்தான். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடிவதற்குள் பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஆலங்குடி, கீரமங்கலம் பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன. விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தக் கூலிக்கு அலைந்துகொண்டிருந்த வீட்டுக்காரர்கள்தான் உங்கள் பந்தலுக்கு வந்து, இலையில் உட்கார்ந்து எழுந்து, நோட்டில் எழுதிவிட்டுப் போனார்கள். தோப்பு போச்சு, இந்த வருஷம் விட்டுவிடுங்கள் என்று அவர்கள் சொல்லியிருந்தால் உங்கள் விருந்து என்ன ஆகியிருக்கும்? நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் வேண்டும். புயலுக்குப் பிறகு அவர்கள் நட்ட கன்று இந்த 2022லும் கன்றாகத்தான் நிற்கிறது. அவர்கள் கொடுத்த பணமோ, இரண்டு ஆடி திருப்பி வைக்கும் வேலையே இல்லாமல் உங்களிடம் இருந்தது. இந்தக் கொரோனாவில் மொய்க் கணக்கில் தெம்பாக நின்றவர்கள் 2019காரர்கள்தான். தள்ளுபடிப் பேச்சு உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது.

கூட்டுறவுக் கடனை இதோடு சேர்த்துப் பேசுவதும் பொருந்தாது. 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி என்று அரசு அறிவித்தது. பிறகு ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனுக்கும் தள்ளுபடி வந்தது. அங்கே விவசாயி கட்ட வேண்டியதை அரசு ஏற்றுக்கொண்டு சங்கத்துக்கு ஈடு செய்கிறது. மொய்யை நீங்கள் தள்ளுபடி செய்தால் யார் ஈடு செய்வது? எழுதிவிட்டுப் போன நானூறு, ஐந்நூறு வீடுகளின் தலையில்தான் விழும். அதில் பாதி வீடுகள் உங்களைவிட இளைத்தவை.

ஒப்பிட வேண்டுமானால் ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை கொடுத்த தவணை அவகாசத்தோடு ஒப்பிடுங்கள். அந்த ஆறு மாதமும் தவணை தள்ளித்தான் போனது, கடன் குறையவில்லை. வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. தள்ளுபடி என்று நினைத்து நிம்மதியாக இருந்தவர்களுக்குக் கடைசியில் கூடுதல் மாதங்கள் வந்து சேர்ந்தன. மொய்யில் வட்டி கிடையாது. அதனால் தள்ளிப் போடுவது யாருக்கும் பெரிய பாதகமில்லை. எல்லாருக்கும் ஒரே அளவாகத் தள்ளிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

பெரியவர் சொல்வதிலும் ஆபத்து இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு 40 பத்திரிகை, சராசரி 1,000 ரூபாய் என்றால் 40,000. மூன்று வருஷக்காரர்களும் ஒரே ஆடியில் விருந்து வைத்தால் 1,20,000. நூறு நாள் வேலையில் 2022ல் கூலி 281 ரூபாய். 1,20,000 என்பது 427 நாள் கூலி. அப்போது வேலை கிடைத்ததோ வருஷத்துக்கு நூறு நாள்தான். அந்த வீடு என்ன செய்யும்? ஐந்து வட்டிக்கு 50,000 வாங்கும். மாதம் 2,500, வருஷத்துக்கு 30,000 வட்டிக்கு மட்டும். இல்லையென்றால் வீட்டுப் பெண் மகளிர் குழுவில் கடன் எடுத்து வாரா வாரம் தவணைக்கு ஓடுவாள். வட்டிக்கடைக்குப் போகாமல் இருக்க ஏற்பட்ட முறைதான் மொய். அதற்காக வட்டிக்கடைக்குப் போவதை மானம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. ஆடி பிறப்பதற்குள் ஊர் கூடி, சுற்று முழுவதையும் இரண்டு வருஷம் தள்ளுங்கள். 2020ல் வைக்க வேண்டியவர்கள் இந்த ஆடியில் வைக்கட்டும், 2021காரர்கள் 2023ல், 2022காரர்கள் 2024ல். ஐந்து வருஷச் சுற்றில் 2024ல் வர வேண்டிய உங்கள் முறை 2026க்குப் போகும். அதுதான் நீங்கள் கொடுக்க வேண்டிய விலை, கொடுங்கள். மகள் கல்யாணம், ஆபரேஷன், கொரோனா ஆஸ்பத்திரிக் கடன் என்று கழுத்தில் கத்தி இருப்பவர்கள் முன்னால் உள்ள ஒருவரோடு முறையை மாற்றிக்கொள்ளலாம். அதை வாய்ப்பேச்சாக விடாமல் ஊர் நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்தது புதுநடை. பணம் உண்மையில் முட்டுவது இங்கேதான், ஆனால் டீக்கடையில் இதை யாரும் பேசுவதில்லை. நீங்கள் ஒருவருக்கு 1,000 வைத்திருக்கிறீர்கள். அவர் உங்கள் விருந்தில் 2,000 வைத்தார். அதில் 1,000 பழசுக்குக் கழிந்தது, 1,000 புதுநடை. இப்போது அவருக்கு நீங்கள் பட்ட கடன் அந்த 1,000 மட்டும்தான். அதற்கு மேல் வைப்பது உறவைத் தொடர்கிறேன் என்பதற்கு அடையாளம். வெறும் 1,000 வைத்தால் மொய்யை முறித்துக்கொண்டான் என்று அர்த்தமாகிவிடும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் கையில் இல்லாதவரும் இரட்டிப்பாக எழுதுகிறார். ஆகவே இந்த ஆடிக்கு மட்டும் ஊர் ஒரு முடிவு எடுக்கட்டும்: புதுநடை கட்டாயமில்லை, பழசை மட்டும் திருப்பினாலும் முறிவு ஆகாது. இதைப் பத்திரிகையின் அடியிலேயே ஒரு வரியாக அச்சடித்துவிடுங்கள். மேலே சொன்ன 40,000ல் பாதி புதுநடை என்றால், அந்த வீட்டுக்கு இந்த ஆடி 20,000த்தில் முடியும். 1,20,000 எங்கே, 20,000 எங்கே?

விருந்து வைப்பவருக்கு வரவு குறையும்தான். ஆனால் அவர் முன்பு வைத்தது முழுதாகத் திரும்புகிறது, புதிதாகத் தலையில் ஏறும் பாரமும் குறைகிறது. 2019காரர்கள் மட்டும் இந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாமல் புதுநடையோடு வைத்தால், வைப்பவருக்கும் குறை தெரியாது. உங்களிடம் அதை எதிர்பார்க்கிறேன்.

திருப்பூர்ப் பையன்கள் சொல்வதை ஒதுக்காதீர்கள். ஒரு நாள் லீவு போட்டு, சம்பளம் பிடித்து, பஸ் ஏறி வந்து 500 ரூபாய் எழுதிவிட்டுப் போவதைவிட போனில் அனுப்புவது நல்லது. ஆனால் தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது பெயர். நோட்டில் மொய் இருப்பது அப்பா பெயரில், பணம் வருவது மகன் போனிலிருந்து, அதில் தெரிவதோ இங்கிலீஷில் அவன் பெயர் மட்டும். ஒரே ஊரில் நாலு கருப்பையா இருக்கிறார்கள், எந்தக் கருப்பையா மகன் என்று அடுத்த நாள் யாருக்கும் தெரியாது. அனுப்பும்போதே குறிப்பு இடத்தில் ஊர், வீட்டுப் பெயர், அப்பா பெயர் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். மொய் எழுதுபவர் பக்கத்தில் ஓர் ஆள் போனோடு உட்கார்ந்து, வந்ததை அப்போதே நோட்டில் ஏற்ற வேண்டும். ராத்திரி மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கணக்கு உதைக்கும். இரண்டாவது வங்கிக் கணக்கு. டிராக்டருக்கோ வண்டிக்கோ தவணை பாக்கி இருக்கிற கணக்கை மொய்க்குக் கொடுத்தால், பணம் விழுந்ததும் தவணை தானாகப் பிடித்தமாகிவிடும். விருந்து முடிந்த காலையில் சமையல்காரருக்குக் கொடுக்கக் கணக்கில் பணம் இருக்காது. பாக்கி இல்லாத கணக்காகப் பார்த்துக் கொடுங்கள்.

மூன்றாவது வருமான வரி. கல்யாணத்துக்கு வரும் அன்பளிப்புக்கு வரி இல்லை என்கிற சலுகை கல்யாணம் செய்துகொள்ளும் ஆளுக்கு மட்டும்தான், மொய் விருந்துக்குக் கிடையாது. சொந்தமல்லாதவர்களிடமிருந்து வருஷத்தில் 50,000க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் மொத்தமும் வரிக்குள் வரும். பழைய மொய் திரும்பி வந்ததென்றால் அதைக் காட்டப் பழைய நோட்டு கையில் இருக்க வேண்டும். ஒரே ஆளிடம் ஒரே நிகழ்ச்சிக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது. பெரிய தொகை வாங்குகிறவர்கள் ஆடிட்டரைப் பார்த்துவிட்டுப் பத்திரிகை அடியுங்கள்.

விருந்தே வேண்டாம் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். ஆயிரம் இலைக்கு 100 கிலோ கறி, கிலோ 800 என்றால் 80,000. அரிசி 130 கிலோ போல ஆகும். ஒருவர் தனியாக வைத்தால் முதுகு முறியும். பத்துப் பேர் ஒரே பந்தலில் சேர்ந்து வைத்தால் கறிச் செலவு ஆளுக்கு 8,000தான். கூட்டாக வையுங்கள். இந்தப் பந்தலை நம்பிப் பந்தல்காரர், சமையல் மாஸ்டர், பாத்திரம் தேய்க்கிற பெண்கள், இலை அறுக்கிறவர், பத்திரிகை அச்சடிப்பவர் இருக்கிறார்கள். இரண்டு ஆடியும் அவர்களுக்கு ஒரு ரூபாய் வரவில்லை. 2020ல் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பவில்லை என்று சிலர் கோபப்படுகிறார்கள். அந்தப் பணத்தில் அவர்கள் ஊரடங்கில் சோறு தின்றார்கள். அதே ஆளையே இப்போது கூப்பிட்டு, அட்வான்ஸை இந்த வேலையில் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே தடவையில் முழுதும் கழிக்காதீர்கள், பாதி கழித்துப் பாதி கையில் கொடுங்கள். கூலி எல்லாம் மொய்ப்பெட்டியை எண்ண உட்காருவதற்கு முன்னால் தீர்ந்துவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். 2019 நோட்டை எடுத்துப் புரட்டுங்கள். அதில் எழுதியிருப்பவர்களில் எத்தனை பேர் இப்போது இல்லை? கொரோனாவில் போனவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் திருப்ப வேண்டிய மொய்க்கு முறை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த வீட்டில் இனி விருந்து நடக்குமா என்பதே தெரியாது. இந்த மாதமே கொண்டுபோய் இறந்தவரின் மனைவி கையில் கொடுங்கள். பங்காளியிடமோ மைத்துனரிடமோ கொடுத்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்று சொல்லாதீர்கள். இறந்தவர் திருப்ப வேண்டிய மொய் இருந்தால், பையன் சம்பாதித்து நிமிரும் வரை கேட்க வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கொரோனா சாவுக்கு அரசு கொடுத்த 50,000 ரூபாயை மொய்ப் பாக்கிக்கு என்று யாராவது கண் வைத்தால், ஊர் குறுக்கே நிற்க வேண்டும்.

நோட்டில் அவர் பெயரை அடிக்காதீர்கள். அதற்குக் கீழே அந்த அம்மாவின் பெயரை எழுதி, தேதி போட்டு, கொடுத்த தொகையை எழுதுங்கள். அடுத்த பத்திரிகை அந்தப் பெயருக்கே போகட்டும்.