வெள்ள முகாமில் வந்த விருப்பம்

வணக்கம் அக்கா,

எனக்கு வயது 28, உப்புவெளியில் இருக்கிறேன். அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். போன மாரியில் மகாவலி பெருகி மூதூர்ப் பக்கம் வெள்ளம் வந்தபோது, ஒரு பாடசாலையில் இருந்த இடைத்தங்கல் முகாமில் எங்களைக் கடமைக்குப் போட்டார்கள். அங்கேதான் என்னோடு கடமையில் இருந்த ஒருவரோடு ஒழுங்காகக் கதைக்கக் கிடைத்தது. ஓர் இரவு தண்ணீர் வகுப்பறைக்குள் ஏறத் தொடங்க, சனத்தையெல்லாம் மேல்மாடிக்கு ஏற்றினோம். நடக்க முடியாத ஓர் அம்மாவை அவர் தூக்கிக்கொண்டு படியேறியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றிலிருந்து என் மனம் என்னிடம் இல்லை.

இப்போது அவர் இடமாற்றம் கிடைத்து வவுனியாவில் இருக்கிறார். சில நாள் இரவு நெடுகக் கதைப்பார். பிறகு நாட்கணக்கில் ஒரு மெசேஜ்கூட வராது. நான் போனையே பார்த்தபடி இருக்கிறேன். நித்திரையும் சரியில்லை. விருப்பம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

உளவியல் படிக்கும் என் சிநேகிதி, “அது காதல் இல்லையடி, பயத்தில் வந்த படபடப்பு. பாலத்தில் வைத்து ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள்” என்கிறாள். அம்மாவோ ரொறன்ரோ மாப்பிள்ளை ஒருவரின் குறிப்பு நன்றாகப் பொருந்துகிறது, கட்டினால் அன்பு தானாக வரும் என்கிறார். என் மனதில் இருப்பது உண்மையா, வெறும் படபடப்பா?

— உப்புவெளி வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் சிநேகிதி சொன்ன ஆராய்ச்சி உண்மைதான். 1974இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் என்ற இருவர் கனடாவின் வன்கூவர் அருகே கப்பிலானோ பாலத்தில் செய்தது. நம் கிண்ணியாப் பாலம் போல உறுதியானதல்ல அது. ஆழமான பள்ளத்தாக்கின் மேல் கம்பியில் தொங்கி ஆடும் பலகைப் பாலம். அதில் நடந்த ஆண்களிடம் ஓர் இளம்பெண் சில கேள்விகள் கேட்டுவிட்டுத் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தாள். எண்ணை வாங்கிய 18 பேரில் 9 பேர் பிறகு அழைத்தார்கள். தாழ்வான, ஆடாத பாலத்தில் வாங்கிய 16 பேரில் அழைத்தவர்கள் 2 பேர்தான். பயத்தில் அடித்த நெஞ்சை, அவளைப் பார்த்து அடித்ததாக அந்த ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஆனால் அவர்கள் அந்தப் பெண்ணைச் சற்று முன்னர்தான் பார்த்தவர்கள். விருப்பம் எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதைத்தான் இந்த ஆய்வு காட்டுகிறது. மாதங்கள் கழிந்தும் மனதில் இருப்பது என்ன என்று அது சொல்லாது. அப்புறம் இன்னொன்று: 1981இல் கிரெகரி வைட் குழுவினர் சில ஆண்களை ஓடவைத்து, இதயம் வேகமாக அடிக்கும் நேரத்தில் ஒரு பெண்ணின் வீடியோவைக் காட்டினார்கள். அவள் அழகாகத் தோன்றியபோது அவர்களுக்கு விருப்பம் கூடியது. அழகற்றவளாகத் தோன்றியபோது வெறுப்புத்தான் கூடியது. அதாவது படபடப்பு ஏற்கெனவே இருப்பதைப் பெருக்குகிறது. அந்த இரவு நீங்கள் பார்த்தது ஒரு மனிதனின் குணம். பயம் அதைப் பெரிதாக்கியிருக்கலாம், ஆனால் நீங்கள் பார்த்தது பொய்யில்லை.

ஆகவே அந்த வெள்ளத்தை நினைத்து நான் கவலைப்படவில்லை. நீங்கள் போனைப் பார்த்தபடி இருப்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. டொரதி டென்னொவ் என்ற உளவியலாளர் காதலில் தவித்த நூற்றுக்கணக்கானவர்களிடம் கேட்டறிந்து, 1979இல் இந்த நிலைக்கு ‘லிமரன்ஸ்’ என்று பெயரிட்டார். நாள் முழுக்க ஒருவரின் நினைவு, அவருடைய சின்னச் சின்னச் செயல்களிலெல்லாம் அர்த்தம் தேடுவது, பதில் வந்தால் ஆகாயத்தில், வராவிட்டால் பாதாளத்தில். நம்பிக்கையும் சந்தேகமும் கலந்தே இருக்கும்வரை இந்தத் தவிப்பு வளர்ந்துகொண்டே போகும் என்பதுதான் அவர் கண்டதில் முக்கியமானது. 2011இல் அமெரிக்காவில் மாணவிகளிடம் நடந்த ஓர் ஆய்வும் இதையே காட்டியது. தங்களைப் பிடித்திருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஆண்களைவிட, பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஆண்கள்மேல்தான் அவர்களுக்கு ஈர்ப்பு கூடியது. தெரியாததால் அவர்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார்கள். வவுனியாவிலிருந்து மெசேஜ் வராத நாட்களில் உங்களுக்கு நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் 1986இல் காதலை நெருக்கம், வேட்கை, பொறுப்பேற்பு என்று மூன்றாகப் பிரித்தார். உங்களிடம் வேட்கை நிறைய இருக்கிறது. நெருக்கம் ஓரளவு இருக்கிறது. மூன்றாவதைப் பற்றி இரண்டு பேரும் இன்னும் வாயே திறக்கவில்லை. அதனால் நீங்களே கேளுங்கள். மெசேஜில் வேண்டாம். அவர் லீவில் வரும்போது பகல் நேரத்தில், ஆறுதலாக இருந்து கதையுங்கள். பெண்பிள்ளை முதலில் கேட்பதா என்ற தயக்கம் நம் ஊரில் உண்டு என்று தெரியும். ஆனாலும் இப்படி நித்திரை கெட்டு வாடுவதைவிட அது மேல். அவர் மழுப்பினால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா சொல்வதும் வெறும் பேச்சில்லை. 1982இல் குப்தா, சிங் என்ற ஆய்வாளர்கள் ஜெய்ப்பூரில் 50 தம்பதிகளிடம் கேட்டபோது, பேசிச் செய்த திருமணங்களில் காலம் போகப்போக அன்பு கூடியிருந்தது, காதல் திருமணங்களில் குறைந்திருந்தது. ஆனால் 2012இல் அமெரிக்காவில் வாழும் இந்தியர்களிடம் கேட்டபோது இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆகவே எந்த வழியில் கட்டினாலும் அன்பு தானாக வரும் என்று நம்பி இறங்க முடியாது.

நித்திரையின்மை வாரக்கணக்கில் தொடர்ந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், கூச்சப்பட வேண்டாம். இவருடைய பதில் தெரியும்வரை ரொறன்ரோவுக்குச் சம்மதம் சொல்லாமல் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அம்மாவிடம் கேளுங்கள். காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு ரொறன்ரோப் பேச்சைத் தொடர்வதென்று முடிவெடுத்தால், குறிப்புப் பொருத்தத்தோடு நிற்காமல் அந்தத் தம்பியோடும் நீங்களே நேரடியாகக் கதைத்துப் பாருங்கள்.