நாற்பது மெயில், ஒரு பதிலும் இல்லை

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டேன், புராஜெக்ட் டிஎஃப்டியில் (பொருள்களில் எலெக்ட்ரான்களின் ஆற்றலைக் கணினியில் கணக்கிடும் முறை). ஜெர்மனியில் நாற்பது பேராசிரியர்களுக்கு மெயில் போட்டும் பதில் இல்லை. சம்பளத்தோடு பிஎச்.டி. கிடைக்க என்ன வழி? அக்கா பிஎச்.டி. முடிக்கப் போகிறாள், அவளுக்கும் சொல்லுங்கள்.
– வாசகி, திருச்சி

பதில்: ஜெர்மனியில் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் வேலை. புராஜெக்ட் பணம் கைக்கு வந்ததும் பேராசிரியர் விளம்பரம் கொடுப்பார். பணம் இல்லாத நாளில் எப்பேர்ப்பட்ட மெயில் வந்தாலும் அவரால் ஆள் எடுக்க முடியாது. யூராக்செஸ் (ஐரோப்பிய ஆராய்ச்சி வேலைகள்), சை-கே (டிஎஃப்டி போன்ற கணக்கீட்டுத் துறையினர்) தளங்களின் விளம்பரங்களை வாரம் ஒருமுறை பாருங்கள். ‘டிவி-எல் இ13, 65%’ (டிவி-எல் இ13 என்பது ஜெர்மன் மாநில அரசு ஊழியர் சம்பளப் படிநிலை) என்றிருந்தால் மிரள வேண்டாம். சம்பளம்தான் 65 சதவீதம், உழைப்பு முழுநேரம். (நியாயமா என்று கேட்காதீர்கள்.) ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் மேரி கியூரி டாக்டரல் நெட்வொர்க் இடமென்றால், சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில் அந்த நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. இங்கிருந்து நேரே போகும் உங்களுக்கு அது தடையில்லை.

பலர் கோட்டை விடுவது விண்ணப்பத்தில். ‘குவாண்டம் எஸ்பிரெசோ (இலவச டிஎஃப்டி மென்பொருள்) தெரியும்’ என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். நீங்கள் ஒரு கணக்கைக் காட்டுங்கள். சிலிக்கான் போதும். கட்-ஆஃபை (கணக்கில் சேர்க்கும் அலைகளின் ஆற்றல் வரம்பு) 20 ரைட்பெர்க்கிலிருந்து 60 வரை பத்துப் பத்தாக ஏற்றுங்கள். கே-பாயின்ட் வலையை (எலெக்ட்ரான் அலைகளை மாதிரி எடுக்கும் புள்ளிகள்) 4×4×4, 6×6×6, 8×8×8 என்று நெருக்குங்கள். அணுவுக்கு 1 மில்லி எலெக்ட்ரான்வோல்ட்டுக்குள் ஆற்றல் எங்கே நிலைக்கிறது என்று அட்டவணை போடுங்கள். பிபிஇ-யில் (டிஎஃப்டியில் வழக்கமான ஒரு தோராயம்) லேட்டிஸ் கான்ஸ்டன்ட் (படிக அலகின் நீளம்) சுமார் 5.47 ஆங்ஸ்ட்ராம் வரும், சோதனையில் 5.43. பேண்ட் கேப் (எலெக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி) 0.6 எலெக்ட்ரான்வோல்ட் அளவில் நிற்கும், உண்மையில் 1.1. கட்-ஆஃபை இன்னும் ஏற்றினாலும் இந்த இடைவெளி மூடாது, அது பிபிஇ-யின் குணம். எந்தப் பிழை உங்களுடையது, எது முறையினுடையது என்று இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். நேர்காணலில் துருவுவதும் அங்கேதான். அடுத்து அலுமினியத்துக்கு அதே இன்புட்டைக் காப்பியடித்தால் மாட்டிக்கொள்வீர்கள். உலோகத்துக்கு ஸ்மியரிங் (எலெக்ட்ரான் நிரப்பலின் விளிம்பை மழுக்கும் உத்தி) வேண்டும்.

ஃபைல்களை கிட்ஹப்பில் ஏற்றி, லிங்க்கை சி.வி.யில் கொடுங்கள். உரிமமில்லாத வாஸ்ப் (உரிமம் வாங்கிப் பயன்படுத்தும் டிஎஃப்டி மென்பொருள்) பிரதியில் ஓட்டிய கணக்கை மட்டும் காட்டிவிடாதீர்கள்!

காத்திருக்கும் நேரத்தில் இந்தியாவில் ஆய்வு உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வை எழுதிவிடுங்கள். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆனால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி.

மெயில் பலிப்பது அக்காவுக்குத்தான். ஃபெலோஷிப் வாங்கினால் பணத்தை அவரே கொண்டுவருகிறார், பேராசிரியருக்குச் செலவில்லை. ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை தரும் போஸ்ட்டாக்குக்கு (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி) பிஎச்.டி. முடித்து 4 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மேரி கியூரி போஸ்ட்டாக்டரல் ஃபெலோஷிப்பில் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி அனுபவம் 8 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. மேரி கியூரிக்குக் கடைசித் தேதி வழக்கமாக செப்டம்பரில் வரும். அந்த விண்ணப்பத்தின் முக்கியப் பகுதியான பத்துப் பக்கத் திட்டத்தை அழைக்கும் பேராசிரியரோடு உட்கார்ந்து எழுத வேண்டும். ஆகவே ஏப்ரலிலேயே மெயில் போகட்டும். பேராசிரியருடைய எந்தக் கட்டுரையின் எந்தக் கணக்கை அக்கா நீட்டப் போகிறார் என்பது முதல் பத்தியிலேயே இருக்கட்டும். ஆகஸ்ட்டில் போட்டால் ஐரோப்பாவில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள்.