கானா போகிறவர்களிடம் ஏன் மஞ்சள் அட்டை கேட்கிறார்கள்?

கானாவுக்கு முதன்முறை கிளம்புகிறவர்களுக்கு வரும் சந்தேகம் இது: விசாதான் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இன்னொரு அட்டை?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டதற்கான சான்றுதான் அது. மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு அட்டை. உள்ளே ஊசி போட்ட தேதி, மருத்துவர் கையெழுத்து, மையத்தின் முத்திரை. முத்திரை இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். கானா தலைநகர் அக்ராவின் விமான நிலையத்தில் கேட்பார்கள்.

காரணம், இந்தக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு. நம் ஊரில் டெங்குவைப் பரப்புவதும் அதுதான். இந்தியாவில் அந்தக் கொசு உண்டு, மஞ்சள் காய்ச்சல் கிருமி இல்லை. வைக்கோல் போர் காய்ந்து கிடக்கிறது, தீப்பொறிதான் இன்னும் விழவில்லை. அதனால் திரும்பும்போது இங்கேயும் கெடுபிடிதான்: அட்டை இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடலாம்.

ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். எனவே டிக்கெட் எடுத்த கையோடு ஊசிக்கும் ஏற்பாடு செய்யுங்கள். அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள்; சென்னையில் என்றால் கிண்டி கிங் நிலையம். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 2016 ஜூலை முதல் இதுதான் விதி. மலேரியா வேறு கதை, அதற்கு மாத்திரையும் இரவில் கொசுவலையும்.

‘மஞ்சள் காமாலை ஊசி ஏற்கெனவே போட்டாச்சே’ என்பார்கள் பலர். அது ஹெபடைடிஸ் தடுப்பூசி, இந்தக் காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.