சுழற்ற வேண்டாம், மூலையைப் படியுங்கள்

அன்புள்ள ஐயா,

மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறேன். விரித்து வரைந்த கனசதுரத்தை மடித்தால் எது வரும் என்ற கேள்வியில் மட்டும் அடி வாங்குகிறேன். எதிர்முகம் பார்த்து இரண்டு விடைகளைக் கழித்துவிடுவேன். மிச்சம் இரண்டில் நான் டிக் அடிப்பது தவறாகிவிடுகிறது. மனதுக்குள் சுழற்றிப் பார்க்கும் திறமை எனக்கு இல்லையோ?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வான சி.ஜி.எல். முதல்கட்டத்தில் 60 நிமிடத்துக்கு 100 கேள்விகள். அதில் சுழற்றிக்கொண்டிருக்க நேரம் ஏது? எதிர்முக விதி, எந்த முகங்கள் சேர்ந்து தெரியாது என்பதை மட்டும்தான் சொல்லும். தெரிகிற மூன்றும் எந்தச் சுற்றில் நிற்கும் என்று சொல்லாது. உங்களிடம் மிஞ்சும் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும்.

மேலிருந்து கீழாக க, ச, ட, த என நான்கு கட்டங்கள். ச-வுக்கு இடப்புறம் ப, வலப்புறம் ம. ஒன்றுவிட்டு ஒன்று எதிர்முகம் என்பதால் க–ட, ச–த, மீதி ப–ம. இப்போது ச-வின் வலது மேல்மூலையில் பென்சில் முனையை வையுங்கள். க, ச, ம மூன்றும் அங்கே கூடுகின்றன. கடிகாரச் சுற்றில் படித்தால் க, ம, ச. மடித்த பிறகும் இந்தச் சுற்று மாறாது. விடைப்படத்தில் மேல், வலம், முன் என்று படியுங்கள். க-ம-ச, ம-ச-க, ச-க-ம எதுவும் சரி. க-ச-ம வந்தால் அந்த விடையைக் கழித்துவிடுங்கள்.

மூன்று முகங்களும் விரிப்பில் ஒரே மூலையில் கூடாவிட்டால்? க, ம, த கேட்கிறார்கள் என்று வையுங்கள். த-வுக்குப் பதில் அதன் எதிர்முகமான ச-வைப் போட்டுப் படித்து, கிடைத்த சுற்றைத் திருப்பிவிடுங்கள். க, ம, ச என்பதில் ச இடத்தில் த-வை வைத்துத் திருப்பினால் க, த, ம; அதுதான் விடை. ஒரு முகத்தை மாற்றினால் சுற்று ஒருமுறை திரும்பும், அவ்வளவே.

உங்கள் சறுக்கல் மடிக்கும் திசையில் இருக்கலாம். எழுத்து வெளியே தெரிய வேண்டுமென்றால் கட்டங்கள் நம்மைவிட்டுப் பின்னால் மடங்க வேண்டும். அட்டைப்பெட்டி செய்கிற பழக்கத்தில் நம்மை நோக்கி மடித்தால் எழுத்து உள்ளே போய், சுற்றும் தலைகீழாகிவிடும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி இரண்டு விதமாகவும் மடித்துப் பாருங்கள். கனசதுரத்துக்கு இருப்பதே 11 விரிப்புகள்தாம்.

பகடையின் இரண்டு தோற்றங்கள் தந்து எதிர்முகம் கேட்டாலும் இதே கடிகாரச் சுற்றுதான். இரண்டிலும் பொதுவாக ஒரே ஓர் எண்தான் இருக்கிறது என்றால் அதிலிருந்து படியுங்கள். 3-1-5, 3-6-2 என்று வந்தால் 1-க்கு எதிர் 6, 5-க்கு எதிர் 2, 3-க்கு எதிர் மிச்சமுள்ள 4. இங்கே எதிர்முகங்களின் கூட்டுத்தொகை 7 வருவது தற்செயல். ‘ஸ்டாண்டர்டு பகடை’ (எதிர்முகங்களைக் கூட்டினால் எப்போதும் 7 வருவது) என்று கேள்வியில் இல்லாதவரை 7-ஐ நம்பி விடை எழுதாதீர்கள்.