ஒரே அடுப்பில் வேக வேண்டும்: தங்கம், வெள்ளிச் சோதனை பற்றிய கேள்வி-பதில்

தங்கத்தின் டச் (சுத்தத்தின் அளவு) பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன: நாம் சொல்லும் 916 (ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம்) உண்மையில் 916 தான் என்பதற்கு என்ன ஆதாரம்? அதற்காகத்தான் சிஆர்எம் என்று சொல்லப்படும் சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள் இருக்கிறது. முக்கியமான சில கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஹால்மார்க் மையத்தில் 999.9 முத்திரை போட்ட தங்கக் கட்டியிலிருந்துதான் ‘புரூஃப்’ (நகை மாதிரியோடு சேர்த்து ஒப்பிட வைக்கும் சுத்தத் தங்கம்) வெட்டுகிறோம். அதுவும் சுத்தத் தங்கம்தானே, சிஆர்எம் தனியாகக் காசு கொடுத்து வாங்கணுமா? – கோவை வாசகர்

வாங்கணும். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஃபயர் அஸ்ஸே என்ற நெருப்புச் சோதனையில் 250 மில்லிகிராம் மாதிரியை, அதிலுள்ள தங்கத்தைப்போல் சுமார் இரண்டரை மடங்கு வெள்ளியோடு ஈயத் தகட்டில் சுற்றி, கூப்பலில் (ஈய ஆக்சைடை உறிஞ்சும் சின்னக் கிண்ணம்) வைத்து உலைக்குள் தள்ளுகிறீர்கள். ஆயிரத்துச் சொச்சம் டிகிரியில் ஈயம் ஆக்சைடாகி, செம்பையும் துத்தநாகத்தையும் இழுத்துக்கொண்டு கூப்பலுக்குள் இறங்கிவிடும். கடைசி ஈயப் படலம் விலகும்போது அந்தச் சின்ன மணி பளிச்சென்று மின்னும். எத்தனை வருஷம் பார்த்தாலும் அந்த நொடியில் கண்ணை எடுக்க எனக்கு மனசு வராது. அப்புறம் மணியைத் தட்டித் தகடாக்கிச் சுருட்டி, நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவிட்டால் வெள்ளி கரைந்துபோய், பழுப்புச் சுருள் ஒன்று மிஞ்சும். அதைப் பழுக்கக் காய்ச்சினால் தங்க நிறம் திரும்பும். அதைத்தான் நிறுக்கிறோம்.

இந்த வழியில் கொஞ்சம் தங்கம் கூப்பலோடு போகும், கொஞ்சம் வெள்ளி சுருளிலேயே தங்கிவிடும். ஒன்று எடையைக் குறைக்கும், மற்றது கூட்டும். இன்றைக்கு எது ஜெயித்தது என்று சொல்லப் புரூஃப் ஒன்றுதான் சாட்சி. 229.00 மில்லிகிராம் சுத்தத் தங்கத்தைப் புரூஃபாக வைத்தீர்கள், வெளியே வந்தது 229.12 என்றால், இன்றைய உலை 0.12 கூட்டிச் சொல்கிறது. நகை மாதிரியின் சுருள் 229.08 என்று வைத்துக்கொள்ளுங்கள். திருத்தாமல் பார்த்தால் 916.3, பாஸ். 0.12 கழித்தால் 228.96, அதாவது 915.8. ஹால்மார்க்கில் குறைவுக்கு விலக்கு கிடையாது. அந்த நகை பெயில்.

உங்கள் புரூஃப் கட்டி 999.9 இல்லாமல் உண்மையில் 999.5 தான் என்றால்? 229 மில்லிகிராமில் நீங்கள் நினைத்ததைவிட 0.09 மில்லிகிராம் தங்கம் குறைவு. வெளியே வரும் எடையும் அந்த அளவு குறையும். உலை கூட்டியது 0.12 அல்ல, 0.03 தான் என்று நம்பிவிடுவீர்கள். அதே நகை இப்போது 916.2 காட்டிப் பாஸ் ஆகிவிடும். புரூஃபில் உள்ள அழுக்கு, நகை வாங்குபவரின் பையிலிருந்து போகிறது. இதைச் சாதாரண விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

முத்திரை என்பது விற்பவரின் வாக்கு. சிஆர்எம்மோடு வரும் சான்றிதழில் மதிப்பு, அதன் ஐயப்பாட்டு அளவு (± போட்டுச் சொல்லும் எண்), எதிலிருந்து எதுவரை அளந்தார்கள் என்ற சங்கிலி எல்லாம் இருக்கும். தயாரிப்பவர் ஐஎஸ்ஓ 17034 அங்கீகாரம் பெற்றவரா என்று பாருங்கள். நம் நாட்டிலேயே பிஎன்டி-4201 என்ற 9999 தங்கச் சான்றுப் பொருள் இருக்கிறது. தேசிய இயற்பியல் ஆய்வகம், மும்பை அரசு நாணயச்சாலை, பாபா அணு ஆராய்ச்சி மையம் ஆகியவை சேர்ந்து கொண்டுவந்தது. தினமும் அதை வெட்ட வேண்டாம். புதுக் கட்டி வாங்கும்போதெல்லாம் சிஆர்எம்மோடு வைத்துச் சோதித்து, தேறிய கட்டியை அன்றாடப் புரூஃபாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் புரூஃப் இரண்டும் அழகாக ஒத்துப்போகின்றன. ஆனால் மறுசோதனையில் இன்னொரு மையம் 0.6 குறைத்துச் சொல்கிறது. – மதுரை

இரண்டு புரூஃபையும் உலையில் எங்கே வைக்கிறீர்கள்?

ஆரம்ப காலத்தில் நான் வேலை பார்த்த ஒரு கூடத்தில், எடுக்க வசதி என்று புரூஃபை எப்போதும் கதவோரத்தில் வைப்போம். மாதக்கணக்கில் இரண்டும் இம்மி பிசகாமல் ஒத்துவந்தன, நாங்களும் பெருமைப்பட்டுக்கொண்டோம். ஒருநாள் சும்மா ஒரு புரூஃபைப் பின்வரிசையில் வைத்தபோதுதான் தெரிந்தது, பின்னால் சூடு அதிகம், தங்க இழப்பும் அதிகம். கதவோரத்துச் சாட்சியை வைத்துப் பின்வரிசைக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம். புரூஃப் மாதிரிகளுக்கு நடுவில், பரவலாக இருக்க வேண்டும்.

இடம் மட்டும் போதாது, கலவையும் ஒத்திருக்கணும். மாதிரியில் எவ்வளவு தங்கம், வெள்ளி, செம்போ அவ்வளவு புரூஃபிலும் சேருங்கள். பலேடியம் கலந்த 750 வெள்ளைத் தங்கத்துக்கு, பலேடியம் சேர்த்த புரூஃபே சாட்சி. நகையோடு அதே அடுப்பில், அதே பக்குவத்தில் வேகாத சான்றுப் பொருள் பெட்டியில் இருந்தாலும் ஒன்றுதான், உலைக்குள் இருந்தாலும் ஒன்றுதான்.

கடை மெஷின் என் வளையலுக்கு 91.8 (ஆயிரத்துக்கு 918) காட்டியது, முத்திரையில் 916. எதை நம்புவது? – திருச்சி

இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை. முத்திரை என்பது அந்தத் தரத்துக்குக் குறையவில்லை என்ற உறுதிமொழி. அந்த மெஷின் எக்ஸ்-கதிரை அடித்து மேல்தோலை மட்டும் படிக்கிறது. சில மைக்ரானுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மெருகு ஏற்றிய நகையில் மேல்தோலில் தங்கம் தூக்கலாகவே தெரியும். மெஷினைப் பழக்கிய சான்றுத் தகடும் நகையைப்போன்ற கலவையாக இருக்கணும். தங்கம்-வெள்ளி-செம்புத் தகட்டால் பழக்கிவிட்டுத் துத்தநாகம் அதிகமுள்ள நகையை வைத்தால் எண் நகரும்.

அதே சமயம் மெஷினை ஒதுக்கவும் கூடாது. ருத்தேனியம், இரிடியம் கலந்த தங்கத்தை நெருப்புச் சோதனை கோட்டை விடும். அவை நைட்ரிக் அமிலத்தில் கரையாமல் சுருளோடு தங்கி, தங்கமாகவே நிறுக்கப்படும். எந்தப் புரூஃபும் அதைத் திருத்தாது. மெஷின்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

வெள்ளிக் கொலுசுக்கு டைட்ரேஷன் செய்கிறோம். காலையில் 925 வந்தது, மதியம் அதே துண்டு 926. – சேலம்

உங்கள் அறையின் சூடு எத்தனை டிகிரி ஏறியது? வெள்ளிக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் தயோசயனேட் கரைசல் பெரும்பாலும் தண்ணீர்தான். ஐந்து டிகிரி ஏறினால் ஆயிரத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேலே விரிந்துகொடுக்கும். ப்யூரெட்டில் கூடுதலாக இறங்கும், வெள்ளி கூடுதலாக இருப்பதுபோல் தெரியும். காலையில் எடுத்த ஃபேக்டரை (ஒரு மில்லிலிட்டர் கரைசல் எவ்வளவு வெள்ளிக்குச் சமம் என்ற எண்) மதியம் பயன்படுத்தினால் 925 என்பது 926 ஆவது இப்படித்தான். சுத்த வெள்ளிச் சான்றுப் பொருளை ஒவ்வொரு தொகுதியோடும் சேர்த்தே ஓட்டுங்கள். கொலுசில் செம்பு அதிகமென்றால் கரைசல் நீலமாகி, முடிவில் வரும் செம்பழுப்பை மறைக்கும். அதே அளவு செம்பைச் சான்று வெள்ளியிலும் போடுங்கள், கண் இரண்டையும் ஒரே மாதிரி தவறும். மின்முனை வைத்துச் செய்யும் முறைக்கு மாறினால் இந்தத் தொல்லையே இல்லை.

வெள்ளியைத் தங்கம்போல் உலையில் வைத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வெள்ளி ஆவியாகவும் கூப்பலுக்குள்ளும் கணிசமாகப் போய்விடும்.

சான்றிதழில் 916.4 ± 0.4 என்று இருக்கிறது. எங்களுக்கு 916.9 வந்தது. தவறா? – வேதியியல் மாணவி, சென்னை

உங்கள் அளவீட்டுக்கும் ஒரு ± உண்டு, அதைச் சேர்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. உங்களுடையது 0.6 என்றால், 0.4, 0.6 இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: சுமார் 0.72. உங்கள் வித்தியாசம் 0.5. அதற்குள் அடங்குகிறது, சரிதான். (இரண்டு ± எண்களும் சுமார் 95 சதவீத நம்பிக்கை அளவில் சொல்லப்பட்டவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஆனால் ஒருநாள் எண்ணோடு நிற்காதீர்கள். தினமும் வரும் மதிப்பை ஒரு தாளில் புள்ளியாக வையுங்கள். எல்லாப் புள்ளியும் எல்லைக்குள்ளேயே இருந்தும், தொடர்ந்து ஏழெட்டு நாள் நடுக்கோட்டுக்கு மேலேயே நின்றால் எங்கோ ஏதோ நகர்ந்திருக்கிறது. அமிலமாக இருக்கலாம், தராசாக இருக்கலாம். அன்றைக்கே தேடுங்கள்.

உரைகல்லில் உரசிப் பார்ப்பது இனி உதவாதா? – தஞ்சாவூர்

உதவும், அதன் எல்லைக்குள். உரையாணி என்ன? மாற்றுத் தெரிந்த தங்கத்தை நுனியில் வைத்த ஆணி. நகையை உரசிய கோட்டுக்குப் பக்கத்திலேயே ஆணியையும் உரசி, இரண்டின் மேலும் அமிலம் விட்டு ஒப்பிடுவார்கள். ஒரே கல், ஒரே கை, ஒரே அமிலம். சான்றுப் பொருள் என்ற யோசனை நம் பொற்கொல்லர்களுக்குப் புதிதே இல்லை. ஆனால் தேர்ந்த கண்ணுக்கும் ஓரிரு சதவீதம் பிசகும், 916ஐயும் 910ஐயும் அது பிரிக்காது. பாட்டி நகையின் தரம் நிச்சயமாகத் தெரியணும் என்றால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) அங்கீகார மையத்துக்கே கொண்டுபோகலாம். நான்கு நகைகள் வரை ரூ.200 கட்டணம் என்று 2022இல் அறிவித்திருந்தார்கள்.

சுரங்க மாதிரிகளிலும் சிஆர்எம் வைப்பார்களாமே? – புவியியல் மாணவர்

வைப்பார்கள். இருபது மாதிரிக்கு ஒன்று என்ற கணக்கில், ஆய்வகத்துக்குத் தெரியாத எண்ணிட்டு, தங்கமில்லாத வெற்றுமாதிரியோடு கலந்து அனுப்புவார்கள். ஆனால் அது காவல் காப்பது ஆய்வகத்தை மட்டும்தான். இந்தோனேசியாவின் புசாங்கில் பிரீ-எக்ஸ் கம்பெனி காட்டிய தங்கம் 1997இல் பொய்யென்று வெளிப்பட்டதே, அங்கே நொறுக்கிய பாறையில் வெளியிலிருந்து தங்கத்தூளைக் கலந்திருந்தார்கள். ஆய்வகம் தன்னிடம் வந்ததைச் சரியாகவே அளந்தது. மாதிரிப் பை எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்ற பதிவும் பூட்டும் இல்லாவிட்டால், எந்தச் சான்றுப் பொருளும் அங்கே காப்பாற்றாது.

சிஆர்எம்மை வெட்டும்போது கவனிக்க வேண்டியது? – பல வாசகர்கள்

அதற்கென்றே தனிக் கத்தரி, வெட்டுமுன் ஆல்கஹாலில் துடைப்பு. சான்றிதழில் சொன்ன குறைந்தபட்ச எடைக்குக் கீழே எடுக்காதீர்கள், அதற்குக் கீழே அந்த மதிப்புக்குப் பொறுப்பில்லை. வெட்டி மிஞ்சியதைத் திரும்பப் புட்டிக்குள் போடாதீர்கள். வெள்ளித் தகடு இருக்கும் டப்பாவில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.