நெய்பர்ஹுட் பிளான்: கவுன்சில் மதிக்கும்படி எழுதுவது எப்படி?

கேள்வி: லண்டனின் வெளிப்புறப் பகுதி ஒன்றில் இருபது ஆண்டுக்கு மேலாக இருக்கிறோம். எங்கள் தெருவில் குடும்ப வீடுகளை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார்கள். பள்ளிக்கு எதிரே டேக்அவே கடைகள் பெருகிவிட்டன. பிள்ளைகள் விளையாடும் சின்னப் புல்வெளியிலும் வீடு கட்டப்போவதாகப் பேச்சு. குடியிருப்பவர்களே சேர்ந்து ஒரு நெய்பர்ஹுட் டெவலப்மென்ட் பிளான் தயாரித்தால் கவுன்சில் அதை மதித்தே ஆகவேண்டும் என்கிறார் ஒரு நண்பர். உண்மையா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உண்மைதான். இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டம் இந்த உரிமையைத் தந்தது. நீங்கள் எழுதும் திட்டம் பொது வாக்கெடுப்பில் வென்றுவிட்டால், கவுன்சிலின் லோக்கல் பிளானுக்கு (எங்கே என்ன கட்டலாம் என்று கவுன்சில் வகுக்கும் திட்டம்) உள்ள அதே சட்ட எடை அதற்கும் வந்துவிடும். அப்புறம் உங்கள் பகுதிக்கு வரும் கட்டட விண்ணப்பங்களை அதன்படிதான் தீர்மானிக்க வேண்டும். விலகுவதென்றால் அதற்கு வலுவான திட்டமிடல் காரணம் வேண்டும்.

ஆனால் இந்தத் திட்டம் நிலத்தையும் கட்டடத்தையும் பற்றி மட்டுமே பேச முடியும். குப்பை வண்டி எப்போது வருகிறது, பஸ் எத்தனை ஓடுகிறது, ஜிபியிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதா என்பதெல்லாம் இதற்குள் வராது. முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் இரண்டு வருடம் உழைத்த பிறகு "குப்பைக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கும்.

இப்போது உங்கள் மூன்று பிரச்சினைகளுக்கு வருகிறேன். மூன்றுக்கும் ஒரே விடை கிடையாது.

அறை வாடகை வீடுகள். ஒரு குடும்ப வீட்டை மூன்று முதல் ஆறு பேர் தங்கும் பகிர்வு வீடாக மாற்றுவதற்குப் பொதுவாகத் திட்ட அனுமதியே தேவையில்லை. விண்ணப்பமே வராத இடத்தில் உங்கள் கொள்கையால் எதையும் செய்ய முடியாது. கவுன்சில் ஆர்ட்டிகிள் 4 உத்தரவு போட்டிருந்தால்தான் அந்த மாற்றத்துக்கு அனுமதி கேட்டாக வேண்டும். லண்டனில் பல கவுன்சில்கள் போட்டிருக்கின்றன. உங்கள் கவுன்சில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால், அல்லது ஆறு பேருக்கு மேல் தங்கும் பெரிய வீடுகளைப் பொறுத்தவரை, உங்கள் திட்டம் நிபந்தனை வைக்கலாம். போடவில்லையென்றால் அந்த உத்தரவுக்காகக் கவுன்சிலர்களிடம் போராடுவதுதான் வழி. திட்டத்தால் அந்த உத்தரவைப் பிறப்பிக்க முடியாது.

டேக்அவே. இங்கே உங்கள் கை ஓங்கியிருக்கிறது. 2020 செப்டம்பர் 1 முதல் சாதாரணக் கடை, அலுவலகம், கிளினிக், ஜிம் எல்லாம் ஒரே வகை. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற அனுமதி வேண்டாம். டேக்அவே, பெட்டிங் கடை போன்ற சில மட்டும் தனியே நிற்கின்றன. கடையை அப்படி மாற்ற அனுமதி கேட்க வேண்டும். நகர மையங்களுக்கு வெளியே பள்ளிகளுக்கு நடந்துபோகும் தூரத்தில் வரும் புதிய டேக்அவேக்களை மறுக்கவேண்டும் என்று 2024 டிசம்பரில் வந்த தேசியக் கொள்கையும் சொல்கிறது. எனவே புதிதாக வருவதைத் தடுக்கலாம். இருக்கிற கடையை மூட வைக்க முடியாது.

புல்வெளி. திட்டத்தின் மிகப் பெரிய பயன் இதில்தான். ஒரு நிலத்தை லோக்கல் கிரீன் ஸ்பேஸ் என்று குறித்துவிட்டால் கிரீன் பெல்ட்டுக்கு (நகரைச் சுற்றிக் கட்டடம் பெருகாமல் காக்கும் நிலம்) ஒப்பான பாதுகாப்பு கிடைக்கும். அது குடியிருப்புக்கு அருகில் இருக்க வேண்டும், பரந்த நிலப்பரப்பாக இருக்கக்கூடாது, அங்குள்ள மக்களுக்கு அது தனிச்சிறப்பானது என்று காட்டவும் வேண்டும். பலர் தோற்பது இந்த மூன்றாவதில். "எங்களுக்கு ரொம்பப் பிடித்த இடம்" என்று எழுதினால், திட்டத்தைப் பரிசீலிக்கும் தேர்வாளர் அதை நீக்கிவிடுவார். ஒரு நோட்டில் தேதி, நேரம், யார், என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள்: சனி காலை பதினொரு மணி, ஐந்து பிள்ளைகள் கிரிக்கெட், பெஞ்சில் மூன்று முதியவர்கள். மழை நாளையும் விடாதீர்கள். நான்கு பருவமும் அந்த நோட்டு நிரம்பினால், எழுத்துத் திறமை இல்லாமலே உங்கள் வாதம் நின்றுவிடும். நில உரிமையாளருக்கு முன்கூட்டியே கடிதம் போடுங்கள். கட்டட அனுமதி ஏற்கெனவே கொடுத்துவிட்ட நிலத்துக்குப் பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது என்பதால், முதலில் கவுன்சில் இணையதளத்தில் விண்ணப்பம் ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். இன்னொன்று: அந்தப் பகுதி மக்கள் இருபது ஆண்டுகளாக யாரிடமும் அனுமதி கேட்காமல் உரிமையோடு விளையாடிவரும் நிலத்தை 2006ஆம் ஆண்டு காமன்ஸ் சட்டப்படி வில்லேஜ் கிரீனாக, அதாவது ஊர்ப் பொதுப் புல்வெளியாக, பதியவும் வழி உண்டு. ஆனால் அந்த நிலத்துக்கான கட்டட விண்ணப்பம் பொதுவில் அறிவிக்கப்பட்ட பின் அந்த வழி அடைபடும். இதில் தாமதம் கூடாது.

சரி, யார் எழுதுவது? பாரிஷ் கவுன்சில் (ஊர் அளவிலான சிறிய கவுன்சில்) இருக்கும் ஊரில் அதுதான் எழுதும். லண்டனில் குயின்ஸ் பார்க் தவிர வேறெங்கும் அது இல்லை. எனவே நீங்கள் நெய்பர்ஹுட் ஃபோரம் என்ற உள்ளூர்க் குழு ஒன்றை அமைக்க வேண்டும். குறைந்தது 21 பேர். அவர்கள் அந்தப் பகுதியில் வசிப்பவராகவோ வேலை செய்பவராகவோ கவுன்சிலராகவோ இருக்க வேண்டும். கவுன்சில் அங்கீகரித்தால் ஐந்து ஆண்டு செல்லும்.

இந்த 21 பேரைப் பற்றி மனந்திறந்து சொல்கிறேன். கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் பழகிய 21 பேரை ஒரே வாட்ஸ்அப் குழுவில் திரட்டுவது எளிது. ஆனால் பகுதியின் பல தரப்பினரும் உறுப்பினராக இருக்க முயற்சி எடுத்தீர்களா என்று சட்டமே பார்க்கச் சொல்கிறது. அதைவிட முக்கியம், வாக்கெடுப்பில் அந்தப் பகுதி முழுவதும் வாக்களிக்கும். குஜராத்திக் கடைக்காரர், சோமாலியத் தாய், நாற்பது வருடமாக இருக்கும் ஆங்கிலேயப் பாட்டி எல்லாரும் முதல் நாளிலிருந்தே மேசையில் இருக்கட்டும். கடைசியில் கையெழுத்துக்கு மட்டும் போய் நின்றால் அவர்களுக்குக் கோபம் வருவது இயல்பு.

நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. இந்திய, இலங்கை, மலேசியக் குடியுரிமை வைத்திருப்பவர்களும் பிரிட்டனில் முறைப்படி வசித்தால், காமன்வெல்த் குடிமக்கள் என்ற வகையில் வாக்காளர் பட்டியலில் சேரலாம், இந்த வாக்கெடுப்பிலும் வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வேண்டியதில்லை. பெயர் பதியாத அக்கம்பக்கத்தவரை இப்போதே பதிய வையுங்கள்.

மக்களிடம் கருத்துக் கேட்கும்போது "என்ன வேண்டும்?" என்று தொடங்காதீர்கள், பட்டியல் நீளும், திட்டம் வராது. பெரிய வரைபடம் ஒன்றைப் பள்ளி வாசலிலும் நூலகத்திலும் விரித்து, "எந்த இடம் போனால் வருத்தப்படுவீர்கள்? எங்கே கட்டினால் பரவாயில்லை?" என்று கேளுங்கள். ஆன்லைன் படிவம் மட்டும் போதாது. நம் வீட்டுப் பெரியவர்கள் அதைத் திறக்கவே மாட்டார்கள். வரும் கருத்து ஒவ்வொன்றையும் ஓர் அட்டவணையில் மூன்று கட்டங்களில் பதியுங்கள்: சொன்னது, நம் பதில், திட்டத்தில் செய்த மாற்றம். பின்னால் கவுன்சிலிடம் ஆலோசனை அறிக்கை கொடுத்தாக வேண்டும். இந்த அட்டவணைதான் அதன் முதுகெலும்பு.

அடுத்தது கொள்கை எழுதுவது. "கடைத்தெருவின் தனித்தன்மையைக் காக்க வேண்டும்" என்ற வரியை வைத்து எந்த அதிகாரியும் ஒரு விண்ணப்பத்தை மறுக்க முடியாது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "வரைபடம் 3இல் குறித்த கடைத்தெருவில் புதிய கட்டடங்கள் பக்கத்துக் கட்டடத்தின் கூரை உயரத்தைத் தாண்டாமலும், தரைத்தளத்தில் தெருவைப் பார்த்த கண்ணாடி முகப்போடும், செங்கல் முன்சுவரோடும் இருந்தால் ஆதரிக்கப்படும்." இதை அளக்க முடிகிறது. எழுதியதும், திட்டத்தில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து, பழைய விண்ணப்பம் ஒன்றுக்கு இதைப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஆம், இல்லை என்று அவரால் சொல்ல முடியாவிட்டால் வரியை மாற்றுங்கள்.

வீடே கட்டக்கூடாது என்று எழுத முடியாது. லோக்கல் பிளான் கேட்பதைவிடக் குறைவாகக் கட்டவைக்க உங்கள் திட்டத்துக்கு அதிகாரம் இல்லை. எங்கே, எப்படி என்பதில்தான் உங்கள் குரல் செல்லும். ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் தேம் ஊர் மக்கள் 2013இல் அதைத்தான் செய்தார்கள்; 775 வீடுகளை ஒரே பக்கத்தில் குவிக்காமல் பல மனைகளுக்குப் பிரித்து வைத்தார்கள். கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் இன்னும் துணிந்தது. விடுமுறை வீடுகள் பெருகி உள்ளூர்க்காரர் வெளியேற வேண்டிவந்ததால், புதிதாகக் கட்டும் வீடு நிரந்தரமாக வசிப்பவருக்கே என்று 2016இல் வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தும் அது நின்றது. எத்தனை வீடுகளில் ஆள் நிரந்தரமாக இல்லை என்ற கணக்கு அவர்கள் கையில் இருந்தது.

மீதி எல்லாம் நடைமுறை. வரைவை நீங்கள் ஆறு வாரம் பொதுவில் வைக்க வேண்டும். சமர்ப்பித்த பின் கவுன்சில் இன்னொரு ஆறு வாரம் வைக்கும். சுதந்திரமான தேர்வாளர் பெரும்பாலும் எழுத்து வழியாகவே பரிசீலிப்பார். திருத்துவார், சிலதை நீக்குவார். பிறகு வாக்கெடுப்பு. பதிவான வாக்கில் பாதிக்கு மேல் ஆதரவு போதும். மொத்தத்தில் இரண்டு மூன்று ஆண்டு பிடிக்கும்.

தேர்வாளருக்கும் வாக்கெடுப்புக்கும் ஆகும் செலவு கவுன்சிலுடையது. அரசு கொடுத்துவந்த உதவித் தொகைக்கு 2025இல் முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். ஆகவே ஆலோசகருக்குக் கொடுக்கும் பணத்தை நீங்களே திரட்ட வேண்டும். என் ஆலோசனை: திட்டத்தைச் சின்னதாக வையுங்கள். இத்தனை கொள்கை இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. உங்களுக்குப் புல்வெளி, டேக்அவே, கடைத்தெரு வடிவமைப்பு ஆகிய மூன்றே போதும். வெற்றி பெற்றால் ஒரு வரவும் உண்டு. கட்டுமானத்தில் கவுன்சில் வசூலிக்கும் உள்கட்டமைப்பு வரியில் உங்கள் பகுதிக்கான பங்கு 15 சதவீதத்திலிருந்து 25 ஆக உயரும். ஃபோரம் உள்ள இடத்தில் பணம் கவுன்சிலிடமே இருக்கும். எதில் செலவிடுவது என்று உங்களைக் கலந்துகொள்ள வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது, கவுன்சிலின் பிளானிங் பாலிசி பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல். நான்கு கேள்வி கேளுங்கள்: எங்கள் பகுதி ஏற்கெனவே வேறு ஃபோரத்தின் எல்லைக்குள் இருக்கிறதா? பகிர்வு வீடுகளுக்கு ஆர்ட்டிகிள் 4 இருக்கிறதா? லோக்கல் பிளான் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? அந்தப் புல்வெளி யார் பெயரில் இருக்கிறது? நிலப் பதிவேட்டில் சிறு கட்டணம் கட்டி கடைசிக் கேள்விக்கு நீங்களே விடை தேடலாம். திட்டம் தயாரிக்க விரும்பும் குழுக்களுக்கு ஆலோசனை தருவது கவுன்சிலின் சட்டக் கடமை. பதில் வராவிட்டால் இதைக் குறிப்பிட்டு மறுபடி எழுதி, உங்கள் வார்டு கவுன்சிலருக்கும் நகல் போடுங்கள்.