கூரை கட்டரும் உறைபனியும்: உயர்ந்த பாலைநில வீடுகளுக்குக் கேள்வி பதில்

ஆரிகன் மாநிலத்தின் பெண்ட் ஊர்ப்பக்கம் கூரை, கட்டர் வேலை செய்கிறேன். கட்டர் என்பது கூரைத் தண்ணீரைப் பிடித்து இறங்குகுழாய்க்குக் கொண்டுபோக விளிம்பில் மாட்டும் தகட்டு வாய்க்கால். ஊர் 3,600 அடி உயரத்தில் இருக்கிறது. மழையும் பனியும் சேர்த்து வருஷத்துக்கு 12 அங்குலத்தை ஒட்டித்தான் தண்ணீர் கிடைக்கும். இவ்வளவு வறண்ட ஊரில் கட்டருக்கு என்ன வேலை என்று தோன்றலாம். பகலில் சுள்ளென்று வெயில் அடித்துக் கூரைப் பனி உருகுகிறது, ராத்திரி அதே தண்ணீர் உறைகிறது. குளிர்காலம் முழுக்க இதுதான் நடக்கிறது. இந்த உருகுநீர் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் என் கவலை. கூரை, கட்டர், இறங்குகுழாய் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெண்ட்டிலிருந்து: அண்ணா, புது வீட்டுக்குக் கட்டர் மாட்டப் போகிறோம். எந்த அளவு, எந்தத் தகடு, எவ்வளவு சரிவு?

அலுமினியத்தில் இணைப்பில்லாத கட்டர் போடுங்கள். வண்டியிலேயே எந்திரம் கொண்டு வந்து, வாசலில் வைத்து உங்கள் வீட்டு நீளத்துக்கே ஒரே துண்டாக உருட்டித் தருவார்கள். மூலை, முனைமூடி, இறங்குகுழாய் சேரும் துளை, இவற்றைத் தவிர ஒழுக வேறு இடம் இருக்காது. தகட்டுத் தடிமன் 0.027 அங்குலம், 0.032 அங்குலம் என்று இரண்டு கிடைக்கும். பனி ஊரில் 0.032 வாங்குங்கள். அகலம் 5 அங்குலம் போதும். கூரைப் பரப்பு பெரிதென்றால், அல்லது இரண்டு சரிவுகள் சேரும் பள்ளம் அங்கே வந்து விழுகிறது என்றால், 6 அங்குலம். இறங்குகுழாய் 3-க்கு 4 அங்குலமாக இருக்கட்டும். 2-க்கு 3 குழாயில் ஊசியிலையும் ஐஸும் சேர்ந்தால் உடனே அடைத்துவிடும்.

சரிவு பத்தடிக்குக் கால் அங்குலம் வேண்டும். அதற்குக் குறைந்தால் தண்ணீர் தேங்கி ராத்திரி கட்டியாகிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஹேங்கர், அதாவது கட்டரைத் தாங்கிப் பிடிக்கும் கொக்கி. மழை ஊரில் இரண்டடிக்கு ஒன்று போடுவார்கள். இங்கே 12 முதல் 16 அங்குலத்துக்கு ஒன்று வேண்டும். 5 அங்குலக் கட்டர் முழுக்க ஐஸ் நிரம்பினால் ஒரு மீட்டர் நீளத்துக்கே எட்டு கிலோ அளவில் வரும். வெளியே தொங்கும் ஐஸ் ஊசிகள் தனிக் கணக்கு. நீள ஆணி அடித்து மாட்டும் பழைய முறை வேண்டவே வேண்டாம், ஐஸ் அந்த ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துவிடும். உள்பக்க ஹேங்கரும் திருகாணியும் போடுங்கள். முடிந்தவரை திருகாணி ஃபேசியா பலகையை (கூரை விளிம்பில் கட்டர் மாட்டும் பலகை) தாண்டி, பின்னால் இருக்கும் கூரைச் சட்டத்தின் முனையில் இறங்க வேண்டும். பலகையில் ஆணித்தலைகள் வரிசையாகத் தெரியும் இடங்கள்தான் அந்தச் சட்டங்கள்.

இன்னொன்று. கூரைச் சரிவின் கோட்டை மனதில் அப்படியே வெளியே நீட்டிப் பாருங்கள். கட்டரின் முன்விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் சரிந்து வரும் பனி அதில் மோதி, மொத்தத்தையும் பிடுங்கிக்கொண்டு போகும்.

யூட்டா, லீஹையிலிருந்து: ஒவ்வொரு ஜனவரியிலும் கட்டருக்கு மேலே ஐஸ் பாளம் பாளமாக ஏறுகிறது. போன வருஷம் ஹால் சுவரில் தண்ணீர்க் கறை. பெரிய கட்டர் மாட்டினால் சரியாகும் என்று ஒரு காண்ட்ராக்டர் சொல்கிறார். சரியா?

சரியில்லை. கட்டரை மாற்றினாலும் அடுத்த ஜனவரியில் அதே ஐஸ் அங்கேயே நிற்கும்.

வீட்டுச் சூடு உள்கூரையின் சந்துகள் வழியாக அட்டிக்குக்குள், அதாவது உள்கூரைக்கும் மேல்கூரைக்கும் நடுவே உள்ள இடத்துக்குள், ஏறுகிறது. அது கூரைப் பலகையைச் சூடாக்க, மேலே கிடக்கும் பனி அடியிலிருந்து உருகி வழிகிறது. சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் கூரை விளிம்புக்குக் கீழே சூடு கிடையாது. அங்கே வந்ததும் தண்ணீர் உறைகிறது. இப்படி நாளுக்கு நாள் உயர்ந்து ஐஸ் ஓர் அணையாகிவிடும். அதன் பின்னால் தேங்கும் தண்ணீர் ஓடுகளுக்கு அடியில் புகுந்து உங்கள் ஹால் சுவருக்கு வருகிறது. கட்டரே இல்லாத வீட்டிலும் இது நடக்கும்.

அடுத்த முறை பனி பெய்த மறுநாள் காலையில், வெயில் ஏறுவதற்குள் தெருவுக்குப் போய் நின்று உங்கள் கூரையைப் பாருங்கள். எங்கே பனி வட்டமாகக் கரைந்து ஓடு தெரிகிறதோ, அதற்கு நேர் கீழேதான் சூடு ஒழுகுகிறது. பெரும்பாலும் குளியலறை விசிறிக் குழாய், உள்கூரையில் பதித்த விளக்கு, அட்டிக் மூடி, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். சில வீடுகளில் குளியலறை விசிறியின் குழாயைக் கூரைக்கு வெளியே விடாமல் அட்டிக்கிலேயே விட்டிருப்பார்கள். குளிக்கும்போது எழும் ஆவி முழுக்க அங்கேதான் போகும். முதலில் சந்துகளை அடைத்துவிடுங்கள். அப்புறம் இன்சுலேஷனை (சூட்டைத் தடுக்கும் பஞ்சு) கூட்டுங்கள். அப்புறம் விளிம்பிலிருந்து முகடு வரை காற்று ஓடுகிறதா என்று பாருங்கள். வரிசை மாறக் கூடாது. சந்தை அடைக்காமல் மேலே பஞ்சை மட்டும் கொட்டினால் சூடான காற்று அதற்குள் நுழைந்து ஏறிவிடும்.

கூரையை மாற்றும் காலம் வந்தால், விளிம்பில் ஒட்டும் நீர்த்தடுப்புப் படலம் வெளிச்சுவரின் உட்கோட்டைத் தாண்டி 24 அங்குலம் வரை உள்ளே போகிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஐஸ் அணை வரும் ஊர்களுக்குக் கட்டட விதியே அப்படித்தான்.

நெவாடா, ரீனோவிலிருந்து: கடையில் பிளாஸ்டிக் கட்டர் மலிவாக இருக்கிறது. நானே மாட்டிக்கொள்ளலாமா?

வேண்டாம். குளிரில் நொறுங்கும், உயரத்து வெயிலில் வெளிறி வெடிக்கும், அலுமினியத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீண்டு சுருங்கும். அலுமினியமே 40 அடி நீளத்தில், 55 டிகிரி செல்சியஸ் ஏற்ற இறக்கத்துக்கு அரை அங்குலத்துக்கு மேல் நகரும்.

நியூ மெக்சிகோ, சாண்டா ஃபேயிலிருந்து: எங்கள் ஊர் மண் வீடுகளில் கட்டரே கிடையாது. கூரையிலிருந்து கனாலெஸ் என்ற மரத்தூம்பு நீட்டி வைத்திருப்பார்கள், தண்ணீர் தூரமாகப் போய் விழும். காலங்காலமாக அப்படித்தான். பாலைவனத்தில் கட்டர் என்பது வீண் செலவு இல்லையா?

நல்ல கேள்வி. தட்டைக் கூரைக்குக் கனாலெஸ் சரியான ஏற்பாடுதான். ஆனால் வடக்குப் பக்கம் வைத்த கனாலெஸை ஜனவரியில் போய்ப் பாருங்கள், வாய் உறைந்து கிடக்கும். விவரம் தெரிந்தவர்கள் வடக்கில் வைக்க மாட்டார்கள். தண்ணீர் விழும் இடத்தில் கல் பரப்பாவிட்டால், ஜூலை, ஆகஸ்ட் பருவமழையில் அது சுவரடியைப் பறித்துவிடும்.

கொலராடோ, டென்வர் புறநகரிலிருந்து: சாண்டா ஃபே நண்பர் சொல்வதை என் பக்கத்து வீட்டுக்காரரும் சொன்னார், கட்டரைக் கழற்றினார். இப்போது அவர் வீட்டு அடித்தளத்தில் விரிசல்.

மறுபடி சாண்டா ஃபே: என் வீட்டில் பத்து வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே!

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், மண் வேறு. கொலராடோ மலையடிவாரத்தில் பல இடங்களில் பெண்டோனைட் களிமண் இருக்கிறது. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், கான்கிரீட்டையே தூக்கிவிடும். அங்கே கட்டர் இல்லாமல் இருக்கக் கூடாது. இறங்குகுழாயின் நீட்டமும் வீட்டிலிருந்து பத்தடியாவது தள்ளிப் போய் முடிய வேண்டும். பெண்ட்டில் எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த மண், தண்ணீரை உறிஞ்சிவிடும். இங்கே அகலமான கூரை விளிம்பும், வீட்டைச் சுற்றிச் சரளையும், வெளிப்பக்கம் நோக்கிப் பத்தடிக்கு ஆறு அங்குலச் சரிவும் இருந்தால் சில பக்கங்களைக் கட்டர் இல்லாமல் விடலாம் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் வாசற்படிக்கும் நடைபாதைக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் மேலே கட்டர் வேண்டும். மண் எதுவானாலும் சரி. மதியம் சொட்டிய தண்ணீர் சாயங்காலம் படியில் கண்ணாடியாக நிற்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா ஐஸில் நடந்து பழகாதவர்கள். இடுப்பெலும்பு முறிந்த பிறகு கட்டர் செலவைப் பற்றிப் பேச முடியாது.

டென்வரிலிருந்து இன்னொருவர்: தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். இங்கே பிடித்தால் சட்டவிரோதமாமே?

இப்போது இல்லை. கொலராடோவில் 2016 ஆகஸ்ட் முதல் வீட்டுக்கு இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன் வரை அனுமதி. ஆற்றுநீரில் முன்னுரிமை பெற்றவர்களின் பங்கு குறையக் கூடாது என்பதுதான் பழைய தடைக்குக் காரணம். யூட்டாவில் பதிவு செய்துகொண்டால் 2,500 கேலன் வரை பிடிக்கலாம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு அங்குலம் மழை பெய்தால் 623 கேலன் வரும். அப்படியானால் கொலராடோவின் 110 கேலன் கால் அங்குலம்கூடப் பெய்வதற்குள் நிரம்பிவிடும், மீதி எங்கே போகும் என்று முதலிலேயே வழி செய்யுங்கள். உறைபனி தொடங்குமுன் பீப்பாயைக் காலி செய்து, இறங்குகுழாயைப் பழையபடி தூரமாகத் திருப்பிவிட வேண்டும்.

நம் ஊரில் மழைநீரைச் சுவரோரக் குழியில் இறக்குவோம். களிமண் இருக்கும் இடத்தில் அதைச் செய்யாதீர்கள்.

லீஹையிலிருந்து: மின்சாரத்தில் சூடாகும் ஹீட் கேபிள் போட்டால் ஐஸ் அணை போய்விடுமா?

போகாது. அணைக்கு நடுவே தண்ணீர் போக ஒரு வழி திறக்கும். அட்டிக்கைச் சரி செய்ய முடியாத இடத்துக்கு மட்டும் போடுங்கள். கூரை விளிம்பில் போட்ட கேபிள் கட்டர் வழியாக ஓடி, இறங்குகுழாயின் கடைசி வாய் வரை இறங்க வேண்டும். பலர் குழாயை விட்டுவிடுகிறார்கள். உருகிய தண்ணீர் உள்ளே இறங்கி உறைந்து, குழாய் தையலோடு பிளக்கும். அடிக்கு 5 வாட் என்றால் நூறடிக் கேபிள் ஒரு நாளைக்கு 12 யூனிட் தின்னும். நிலக்கசிவுப் பாதுகாப்பு (மின்சாரம் கசிந்தால் தானே துண்டிப்பது) உள்ள இணைப்பில் மட்டும் மாட்டுங்கள்.

பெண்ட்டிலிருந்து: தகரக் கூரை. போன குளிரில் பனி மொத்தமாகச் சரிந்து கட்டரைக் கொண்டுபோய்விட்டது.

கூரையில் பனித்தடுப்பு, அதாவது பனி மொத்தமாகச் சரியாமல் பிடித்து நிறுத்தும் தடுப்பு, வேண்டும். விளிம்பில் ஒரே வரிசை போட்டால் முழுச் சுமையும் அதன்மேல் விழுந்து பிய்த்துக்கொண்டு வரும். எத்தனை வரிசை என்பதைச் சரிவும் நீளமும் உள்ளூர்ப் பனிச்சுமையும் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். சுமையை லேசாக எண்ணாதீர்கள். 2017 ஜனவரியில் இதே ஊரில் ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடக் கூரை பனியில் இடிந்து விழுந்தது.

ரீனோ: ஏணி வைத்துச் சுத்தியலால் ஐஸைத் தட்டி எடுக்கலாமா?

கூடாது. கட்டர் கிழியும், ஓடு உடையும், பெயரும் ஐஸ் ஏணியைத் தள்ளும். தரையில் நின்றபடி நீளக் கைப்பிடி வாரியால் விளிம்பிலிருந்து மூன்று நான்கு அடி பனியை இழுத்துவிடுங்கள். அணை ஏற்கெனவே நின்றுவிட்டால் நீராவி வைத்து உருக்குபவரைக் கூப்பிடுங்கள்.

லீஹை: உப்புக் கொட்டலாமா?

சாதா உப்பு அலுமினியத்தையும் அரிக்கும், கீழே செடியையும் கொல்லும். வேண்டாம்.

டென்வர்: ஐஸை வெந்நீர் ஊற்றி...

ரீனோ பதிலைப் பாருங்கள். பனிக்காலத்தில் ஏணி ஏறாதீர்கள். வெந்நீரோ கோடாலியோ எதை எடுத்துக்கொண்டு ஏறினாலும் இதே பதில்தான்.

சாண்டா ஃபே: கூரையில் சோலார் பலகை...

என் துறை இல்லை. மாட்டியவரிடம் கேளுங்கள். பலகையிலிருந்து பனி ஒரே தள்ளாக வழுக்கி வரும், அதற்கு நேர் கீழே வாசல் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

பெண்ட்: வலை மூடி போட்டால் கட்டரைச் சுத்தம் செய்யவே வேண்டாமா? எப்போது சுத்தம் செய்வது?

வேண்டும். பாண்டரோசா பைன் ஊசிகள் வலைக் கண்ணில் குத்திக்கொண்டு நிற்கும். அதன்மேல் புழுதி படிந்து பாய் மாதிரி மூடிவிட்டால் தண்ணீர் வலைக்கு மேலேயே ஓடி வெளியே கொட்டும். மூடி போடுவதானால் உலோக வலையாகப் போடுங்கள்.

காய்ந்த ஊசியிலை நிறைந்த கட்டர் தீயைக் கூப்பிடும். காட்டுத்தீயில் வீடுகள் பலவும் பறந்து வரும் தணல் விழுந்துதான் பற்றுகின்றன. 2021 டிசம்பர் 30-இல், கொலராடோவின் போல்டர் பக்கம் மார்ஷல் தீ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. பனிக்காலம், தீ வராது என்று இருந்துவிடாதீர்கள்.

பருத்திமரப் பஞ்சு பறந்து முடிந்ததும் ஜூன் கடைசியில் ஒரு முறை. பைன் ஊசி உதிர்ந்து முடிந்து, முதல் பனிக்கு முன், அக்டோபர் கடைசியில் இன்னொரு முறை. அள்ளி முடித்ததும் குழாய் நீரை ஒரு முனையில் விட்டு, இறங்குகுழாயின் வாயில் அதே வேகத்தில் வருகிறதா என்று பாருங்கள். மூலை இணைப்பு ஒழுகினால் அன்றைக்கே காயவைத்துப் பூசிவிடுங்கள். நவம்பர் குளிரில் அந்தப் பசை பிடிக்காது.